கரண்ட் போனால் கப்பல் என்னாகும்?

'ஐகான் ஆஃப் தி சீஸ்' என்ற உல்லாசக் கப்பல் 2024 ஜனவரி 27 அன்று மயாமியிலிருந்து தன் முதல் பயணத்தைத் தொடங்கியது. 365 மீட்டர் நீளம், இருபது தளங்கள், நெருக்கி ஏற்றினால் 7,600 பயணிகள், அவர்களைக் கவனிக்க 2,350 ஊழியர்கள். அதன் படத்தைப் பார்த்ததும் யாருக்கும் எழக்கூடிய முதல் சந்தேகம், இவ்வளவு உயரத்தைத் தூக்கிக்கொண்டு போகிற கப்பல் ஒரு பெரிய அலைக்குக் கவிழ்ந்துவிடாதா என்பதுதான். சந்தேகத்தில் தப்பில்லை. ஆனால் இந்தக் கப்பல்களில் அதிகம் அஞ்ச வேண்டியது வேறொன்று; நம் வீடுகளில் சர்வ சாதாரணமாக நடப்பதுதான் அது: கரண்ட் போவது. 2010 முதல் இந்தத் துறையை உலுக்கிய பெரிய விபத்துகளை வரிசையாக எடுத்துப் பார்த்தால், தொடக்கம் தீயோ பாறையோ எண்ணெய்க் குறைவோ எதுவாக இருந்தாலும், நிலைமை கைமீறிய இடத்தில் மின்சாரம் நின்றுபோயிருக்கிறது. ஆகவே ஓர் உல்லாசக் கப்பல் எவ்வளவு பத்திரமானது என்று தெரிந்துகொள்ள அதன் உயரத்தை அளந்து பயனில்லை; இருட்டிய பிறகு எத்தனை நிமிடத்தில் அது மறுபடி இயங்கும் என்று பார்க்க வேண்டும் என்பது என் வாதம்.

கவிழும் பயத்தை முதலில் பார்த்துவிடலாம். ஐகானின் அளவு 2,48,663 டன் என்று செய்திகளில் வரும்போது பலர் அதை எடை என்று எடுத்துக்கொள்கிறார்கள். மொத்த டன் என்ற அந்தக் கணக்கு, கப்பலுக்குள் மூடப்பட்ட இடங்களின் கொள்ளளவிலிருந்து வருவது. 1912-இல் மூழ்கிய டைட்டானிக், அளவுமுறை சற்று மாறியிருந்தாலும் இதே வகைக் கணக்கில் 46,328 டன். ஐந்து மடங்குக்கு மேல் பெருத்துவிட்ட கப்பல் தண்ணீருக்குள் இறங்கியிருக்கும் ஆழத்திலோ டைட்டானிக்கைவிடக் குறைவு. அது பத்தரை மீட்டர், இது ஒன்பதே கால் மீட்டர் அளவு. உல்லாசக் கப்பல் சென்றடைய வேண்டிய தீவுத் துறைமுகங்கள் பல ஆழம் குறைந்தவை என்பதால் ஆழத்தில் கிடைக்காததை அகலத்தில் ஈடுகட்டுகிறார்கள். நீர்மட்டத்தில் ஐகானின் அகலம் 48 மீட்டர். வெளியே தெரியும் மாடிகளுக்குள் பெரும்பாலும் கேபின்களும் கூடங்களும்தான், அதாவது காற்றுதான். இன்ஜின்கள், எரிபொருள், தண்ணீர்த் தொட்டிகள் என்று கனமானவை எல்லாம் அடியில். அடி கனத்தால் பொம்மை விழாது என்பதைத் தஞ்சாவூர்ப் பொம்மையில் பார்த்திருக்கிறோம்; ஆனால் கப்பல் அந்தப் பொம்மையைப் போல வெடுக்கென்று நிமிர்ந்தால் உள்ளே இருப்பவர்கள் நிலைதடுமாறி விழுவார்கள், மேசை நாற்காலி எல்லாம் பறக்கும். அதனால் நிமிரும் வேகத்தைத் தெரிந்தே மட்டுப்படுத்தி, மெதுவாகச் சாய்ந்து மெதுவாக எழும்படி வடிவமைக்கிறார்கள். மிச்ச ஆட்டத்தை அடக்க விலாவில் இரண்டு பக்கமும் துடுப்புகள் உண்டு. அவை நன்றாக வேலை செய்யக் கப்பல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஓடுவதற்கு மின்சாரம் வேண்டும்.

இங்கேதான் பழைய கப்பலுக்கும் இன்றைய கப்பலுக்கும் உள்ள அடிப்படை வித்தியாசம். பழைய டீசல் கப்பலில் இன்ஜின் ஒரு நீண்ட இரும்புத் தண்டின் வழியாக உந்துவிசிறியை நேரடியாகச் சுழற்றும். விளக்குக்கும் சமையலுக்கும் தனியாகச் சிறிய ஜெனரேட்டர்கள் இருக்கும். இன்றைய உல்லாசக் கப்பலில் டீசலிலோ திரவ எரிவாயுவிலோ ஓடும் இன்ஜின்கள் அனைத்தும் ஜெனரேட்டர்களையே சுழற்றுகின்றன. ஐகானில் அப்படி ஆறு இன்ஜின்கள், சேர்ந்து சுமார் 67 மெகாவாட். அந்த மின்சாரம் பொதுப் பலகைக்கு வந்து, அங்கிருந்து உந்துமோட்டாருக்கும் ஏசிக்கும் அடுப்புக்கும் லிஃப்டுக்கும் பிரிந்து போகிறது. 1980-களில் நீராவியில் ஓடிக்கொண்டிருந்த 'குயின் எலிசபெத் 2' கப்பலையே 1987-இல் இந்த முறைக்கு மாற்றினார்கள். பின்லாந்தில் உருவான அசிபாட் என்ற அமைப்பு இன்னும் ஒரு படி மேலே போனது. மோட்டாரைக் கப்பலுக்கு வெளியே, அடியில் தொங்கும் ஒரு கூட்டுக்குள் வைத்து, அந்தக் கூட்டையே எந்தத் திசைக்கும் திருப்புவது. 1998-இல் 'கார்னிவல் எலேஷன்' இதைப் பூட்டிக்கொண்ட முதல் உல்லாசக் கப்பலானது. நீண்ட தண்டும் சுக்கானும் தேவையில்லை, குறுகிய துறைமுகத்தில் இழுவைப் படகின் உதவியின்றியே திரும்பலாம், வேகம் குறைவான நேரத்தில் சில இன்ஜின்களை அணைத்து எண்ணெய் மிச்சம் பிடிக்கலாம். லாபக் கணக்கு பிரமாதம். அதற்குக் கொடுத்த விலை, எல்லாமே ஒரே மின்சாரத்தில் போய் மாட்டிக்கொண்டதுதான். குடிதண்ணீர் கடல்நீரிலிருந்து இயந்திரங்களால் எடுக்கப்படுவது. கழிப்பறைகூட வெற்றிடப் பம்ப் இழுத்தால்தான் காலியாகும்.

2010 நவம்பர் 8 அதிகாலை, மெக்சிகோ கரைக்கு அப்பால் 'கார்னிவல் ஸ்ப்ளெண்டர்' கப்பலில் இது சோதித்துப் பார்க்கப்பட்டது. கட்டி இரண்டே ஆண்டு ஆன கப்பல், உள்ளே 4,466 பேர். ஆறு ஜெனரேட்டர்களை முன்பக்கம் மூன்று, பின்பக்கம் மூன்று என இரண்டு இன்ஜின் அறைகளில் பிரித்து வைத்திருந்தார்கள். ஓர் அறை போனாலும் மற்றது காப்பாற்றும் என்ற எண்ணம். பின்பக்க ஜெனரேட்டர் ஒன்று உடைந்து தீப்பிடித்தது. தீயைக் கண்டதும் நீர்ப்புகையைப் பீய்ச்சும் அமைப்பு தானாகவே இயங்கியிருக்க வேண்டும். ஆனால் கட்டுப்பாட்டு மேடையில் இருந்தவர் தீ அபாய மணியின் பலகையை ரீசெட் செய்துவிட்டதால் அது சுமார் பதினைந்து நிமிடம் தாமதமாகவே திறந்தது. அதற்குள் தீ, மேலே ஓடிய கேபிள் கட்டுகளை எரித்துவிட்டது. முன்பக்க அறையின் மூன்று ஜெனரேட்டர்களுக்கும் ஒரு கீறல் இல்லை. ஆனாலும் அவற்றின் மின்சாரத்தைக் கப்பலுக்குக் கொண்டுசேர்க்க முடியவில்லை. வழி பின்பக்க அறையின் ஊடாகத்தான் போனது. அமெரிக்கக் கடற்படையின் 'ரொனால்ட் ரீகன்' விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து ஹெலிகாப்டரில் உணவு வந்திறங்கியது. மூன்று நாள் கழித்து இழுவைப் படகுகள் அதைச் சான் டியாகோவில் கொண்டுபோய்ச் சேர்த்தன. ஜெனரேட்டரை இரண்டாகப் பிரித்தவர்கள் கேபிளைப் பிரிக்க மறந்தார்கள் என்பதே இந்த விபத்தின் சாரம். 2013 பிப்ரவரியில் 'கார்னிவல் டிரையம்ஃப்' கப்பலில் ஓர் எரிபொருள் ஹோஸ் கசிந்து தீப்பிடித்து, 4,200-க்கும் மேற்பட்டோர் மெக்சிகோ வளைகுடாவில் நான்கு நாட்களுக்கு மேல் இருட்டிலும் கழிவு நாற்றத்திலும் தவித்தபோது, ஏறக்குறைய அதே கதை இன்னொரு முறை நடந்தது.

இந்த இரண்டு சம்பவத்திலும் யாரும் சாகவில்லையே, கரண்ட் போவது அசௌகரியம்தான், ஆபத்து என்று எப்படிச் சொல்வது என்று கேட்கலாம். வலுவான மறுப்புதான். ஆனால் இரண்டு கப்பலும் அமைதியான கடலில், கரைக்கு வெகு தூரத்தில் நின்றன என்பதை மறந்துவிடக் கூடாது. காற்று அடிக்கும் பக்கம் பாறை இருந்தால் என்னாகும் என்பதற்கு 2019 மார்ச் 23 பதில் சொன்னது. நார்வேயின் ஹுஸ்டாட்விகா என்ற பாறைகள் நிறைந்த கடற்பகுதியில் புயலுக்கு நடுவே போய்க்கொண்டிருந்த 'வைகிங் ஸ்கை' கப்பலில் பிற்பகல் இரண்டு மணிக்குச் சற்று முன் ஜெனரேட்டர்கள் நின்றுபோயின. அதில் 1,373 பேர் இருந்தார்கள். தீ இல்லை, மோதல் இல்லை. இன்ஜின்களின் மசகு எண்ணெய்த் தொட்டிகள் 28 முதல் 40 சதவீதம்தான் நிரம்பியிருந்தன. தயாரிப்பாளர் சொன்ன அளவு 68 முதல் 75. கப்பல் உருண்டபோது எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்க, உறிஞ்சும் குழாய் காற்றை இழுத்தது. அழுத்தம் குறைந்ததும் இன்ஜின்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள நின்றன. ஓர் இன்ஜின் தன்னைக் காப்பாற்றிக்கொள்வது கப்பலைக் கைவிடுவதாகிவிடும் என்பது இந்த வடிவமைப்பின் விசித்திரம். போட்ட நங்கூரங்களும் பிடிக்கவில்லை. உந்துமோட்டார் இரண்டும் மறுபடி போதிய பலத்துடன் சுழல 39 நிமிடம் ஆனது. அந்தக் கெடுவுக்குள் கப்பல் தன் ஒரு நீளத்துக்குள் பாறையை நெருங்கிவிட்டது. 479 பேரை ஹெலிகாப்டர்களில் ஒவ்வொருவராகத் தூக்கினார்கள். இன்னும் சில நிமிடம் இருட்டு நீடித்திருந்தால் இது அசௌகரியக் கணக்கில் வந்திருக்காது.

சட்டம் இதையெல்லாம் கவனிக்கவில்லை என்று சொல்ல முடியாது. டைட்டானிக்குக்குப் பிறகு 1914-இல் பிறந்த சோலாஸ் என்ற கடல் உயிர்ப் பாதுகாப்பு உடன்படிக்கை, அவசர ஜெனரேட்டர் ஒன்றைப் பயணிகள் கப்பலில் நீர்மட்டத்துக்கு வெகு மேலே வைக்கச் சொல்கிறது. அது 45 வினாடிக்குள் தானே இயங்கி, 36 மணி நேரம் ஓட வேண்டும். ஆனால் அது அவசர விளக்கு, வழிகாட்டிக் கருவி, தீயணைப்புப் பம்ப் போன்றவற்றுக்குத்தான். கப்பலை நகர்த்தும் சக்தி அதற்குக் கிடையாது. நகர்வதையும் சேர்த்து யோசித்த விதி 2010 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்தது. பத்திரமாகத் துறைமுகம் திரும்புதல் என்பது அதன் பெயர். 120 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள புதிய பயணிகள் கப்பலில் ஓர் இடம் தீக்கு இரையானாலோ ஒரு பிரிவில் தண்ணீர் புகுந்தாலோ, மீதியை வைத்துத் தன் சொந்த பலத்திலேயே அது கரை சேர வேண்டும். அதுவரை பயணிகளுக்குத் தண்ணீரும் உணவும் கழிப்பறையும் காற்றோட்டமும் மருத்துவமும் கிடைக்க வேண்டும். சேதம் அந்த வரம்பைத் தாண்டினால், ஒழுங்காக இறங்குவதற்கு வேண்டிய அமைப்புகள் மட்டுமாவது மூன்று மணி நேரம் தாக்குப்பிடிக்க வேண்டும். கப்பல்தான் தன் மிகச் சிறந்த உயிர்ப்படகு என்று சொல்லாமல் சொல்லும் விதி இது. 20-ஆம் நூற்றாண்டு முழுவதும் லைஃப் போட் எத்தனை என்று எண்ணிக்கொண்டிருந்த துறை, கடைசியில் கேபிள் எந்த வழியே போகிறது என்று கேட்கத் தொடங்கியது. என் கணிப்பில் உருவத்தில் வந்த எந்த மாற்றத்தையும்விட இது பெரிய மாற்றம்.

'கோஸ்டா கான்கார்டியா'வை என்ன செய்வீர்கள், அங்கே 32 பேரைக் கொன்றது கேப்டனின் அலட்சியமா, கரண்டா என்று அடுத்த கேள்வி வரும். 2012 ஜனவரி 13 இரவு இத்தாலியின் ஜிக்லியோ தீவுக்கு மிக அருகே கப்பலைக் கொண்டுபோய்ப் பாறையில் கிழித்தது கேப்டன்தான். அதற்கு அவருக்குப் 16 ஆண்டுச் சிறை கிடைத்தது. கிழிசல் பல பிரிவுகளைத் திறந்துவிட்டதால் எந்த நவீன விதியும் அந்தக் கப்பலைக் காப்பாற்றியிருக்காது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் அதன் பிறகு நடந்ததைக் கவனியுங்கள். தண்ணீர் முதலில் புகுந்த இடங்களில் இன்ஜின் அறைகளும் உண்டு, கப்பல் உடனே இருண்டது, உந்துவிசை போனது, அவசர ஜெனரேட்டரும் சரியாகக் கைகொடுக்கவில்லை. காற்றுதான் அதைத் தீவின் கரைக்கே தள்ளிவந்து சாய்த்தது, அதுவும் அதிர்ஷ்டம். 'மின்சாரக் கோளாறு, வேறொன்றுமில்லை' என்ற பொய் பயணிகளுக்குச் சொல்லப்பட்டது. கப்பலை விட்டு இறங்கும் உத்தரவு மோதி ஒரு மணி நேரத்துக்கும் மேல் கழித்துத்தான் வந்தது. கப்பலில் கரண்ட் போவது அவ்வளவு நம்பக்கூடிய சங்கதி என்பதால்தான் அந்தப் பொய்யும் எடுபட்டது.

லைஃப் போட்கள் இருக்கின்றனவே, பிறகு என்ன கவலை என்பவர்களும் உண்டு. எண்ணிக்கை போதும்தான்; படகும் மிதவையும் சேர்த்துக் கப்பலில் உள்ள அத்தனை பேருக்கும், அதற்கு மேல் கால் பங்கு பேருக்கும் இடம் வைத்தாக வேண்டும். 2009-இல் வந்த 'ஒயாசிஸ் ஆஃப் தி சீஸ்' ஒரு படகுக்கு 150 பேர் என்ற பழைய வரம்பைத் தாண்டி, தனி அனுமதி பெற்று 370 பேர் ஏறும் படகுகளை வைத்துக்கொண்டது. ஆனால் கான்கார்டியா சாய்ந்தபோது படகுகளை இறக்குவதே பெரும்பாடானது. ஹுஸ்டாட்விகாவின் அலைகளில் படகை இறக்குவது தற்கொலைக்குச் சமம் என்பதால்தான் ஹெலிகாப்டர் வந்தது. ஆயிரக்கணக்கான பேரை, அதில் வயதானவர்களே அதிகமாக இருக்கும்போது, நடுக்கடலில் சிறு படகுகளுக்கு மாற்றுவது கடைசி வழி. அந்த வழிக்குப் போகாமல் பார்த்துக்கொள்வதில்தான் உண்மையான பாதுகாப்பு இருக்கிறது.

காகிதத்தில் இதை எழுதுவது சுலபம், கட்டுவது கஷ்டம். உல்லாசக் கப்பலின் இரும்பு உடலைக் கட்டுவது ஒப்பீட்டளவில் எளிய வேலை. பின்லாந்தின் துர்க்கு நகரில் ஐகான் கட்டப்பட்ட தளத்தில் உடலைப் பெரிய பெரிய துண்டுகளாகப் பற்றவைத்து, கிரேனால் தூக்கிப் பொருத்துகிறார்கள். கேபின்கள் பக்கத்தில் பீக்கியோ என்ற ஊரின் தொழிற்சாலையில் சுவர், குளியலறை, வயர், குழாய் சகிதம் முழுப் பெட்டியாகவே தயாராகின்றன. லாரியில் வரும் அந்தப் பெட்டியைக் கப்பலின் விலாவில் விட்டுவைத்த திறப்பின் வழியே உள்ளே தள்ளி, அதன் இடம்வரை நகர்த்தி நிறுத்துகிறார்கள். பிறகுதான் பாடு. ஒவ்வொரு பெட்டிக்கும் மின்சாரம், தண்ணீர், கழிவு, காற்று, தீ உணர்வி எல்லாம் இணைய வேண்டும். 'ஒயாசிஸ்' கப்பலில் ஓடும் கேபிளின் நீளம் 5,000 கிலோமீட்டருக்கு மேல். கேபிள் ஒரு தீத்தடுப்புச் சுவரைத் துளைத்துப் போகும் ஒவ்வொரு இடத்தையும் தீ புகாதபடி அடைக்க வேண்டும். இரண்டு இன்ஜின் அறைகளின் கேபிள்களும் எங்கேயும் ஒரே பாதையில் சேர்ந்துவிடாதபடி பார்க்க வேண்டும். கடல் சோதனையின்போது வேண்டுமென்றே மின்சாரத்தை அணைத்து, எப்படி மீள்கிறது என்று பார்ப்பார்கள். இந்த உள்வேலைதான் ஆளைக் கவிழ்க்கும் என்பதற்கு ஜப்பானின் மிட்சுபிஷியே சாட்சி. டேங்கர்களையும் சரக்குக் கப்பல்களையும் கட்டிக் குவித்த நாகசாகித் தளம், ஜெர்மானிய அய்டா நிறுவனத்துக்கு இரண்டு உல்லாசக் கப்பல்களை ஒப்புக்கொண்டது. முதலாவது ஒரு வருடம் தாமதமாக 2016-இல் கைமாறியது. ஏற்பட்ட நஷ்டம் 200 கோடி டாலரைத் தாண்டியது. பெரிய உல்லாசக் கப்பல் கட்டும் தொழிலையே அந்நிறுவனம் அதே ஆண்டு கைவிட்டது.

இவ்வளவு நுணுக்கத்துக்கும் ஆகும் செலவைக் கடைசியில் பயணிதானே தருகிறான், எல்லாவற்றையும் இரட்டிப்பாக வைத்தால் கட்டணம் எங்கே போய் நிற்கும் என்பதும் நியாயமான கேள்வியே. டிரையம்ஃபுக்குப் பிறகு கார்னிவல் நிறுவனம் தன் கப்பல்களில் அவசர மின்சாரத்தையும் தீயணைப்பையும் மேம்படுத்த 30 கோடி டாலர் ஒதுக்கியது. முன்பே செலவழித்திருந்தால் அது சேமிப்பாக இருந்திருக்கும். அந்த ஆண்டே உல்லாசக் கப்பல் நிறுவனங்களின் சங்கம் வெளியிட்ட பயணிகள் உரிமைப் பட்டியலில், முக்கிய ஜெனரேட்டர் பழுதானால் மாற்று மின்சாரம் பெறும் உரிமை என்று ஒரு வரி இடம்பெற்றது. சாப்பாட்டுக்கும் பணத்தைத் திரும்பப் பெறுவதற்கும் உரிமை கேட்பது வழக்கம். கரண்டுக்கு உரிமை என்று எழுத வேண்டி வந்ததே, துறை தன் பலவீனம் எங்கே என்று புரிந்துகொண்டதற்கு அத்தாட்சி.

ஆனால் என் வாதத்துக்கு உண்மையான சோதனை வைகிங் ஸ்கைதான். அது 2017-இல் கட்டியது. புதிய விதிக்கு உட்பட்டது. விதி இருந்தும் இருண்டதே? நார்வேயின் விசாரணை அறிக்கை இதற்குச் சுற்றி வளைக்காமல் பதில் சொல்கிறது. நான்கு ஜெனரேட்டர்களில் ஒன்று பழுதாகிக் கிடந்த நிலையில் கப்பல் கிளம்பியது. அந்நிலையில் அது துறைமுகம் திரும்பும் விதிக்கு இணங்கவில்லை, டிரோம்சோ துறைமுகத்திலிருந்து புறப்பட்டிருக்கவே கூடாது. அதாவது வடிவமைத்தவர் கொடுத்த பாதுகாப்பை ஓட்டியவர்கள் செலவழித்துவிட்டார்கள். தொட்டியில் எண்ணெய் எவ்வளவு என்று பார்ப்பதும், பழுதான இன்ஜினுடன் கிளம்பமாட்டோம் என்று சொல்வதும் கண்ணுக்குத் தெரியாத சேவை. தலையணையில் வைக்கும் சாக்லெட்டைப் போல யாரும் அதற்கு நட்சத்திர மதிப்பெண் போடுவதில்லை. மின்னியல் அதிகாரி என்ற பதவிக்குத் தனிச் சான்றிதழ் தரம் உலக அளவில் 2010-இல் மணிலாவில் திருத்தப்பட்ட பயிற்சி விதிகளில்தான் வந்தது. கப்பல்கள் மின்சாரத்தில் ஓடத் தொடங்கி இருபது ஆண்டுக்கு மேல் கழித்து. அந்தப் படிப்பு இப்போது தமிழ்நாட்டுப் பயிற்சி நிலையங்களிலும் நடக்கிறது. கப்பல் வேலை என்றாலே கேப்டனையும் சமையல்காரரையும் மட்டும் நினைக்கும் நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லலாம்.

நமக்கும் இந்தக் கணக்கு வெளிநாட்டுச் செய்தி அல்ல. 2022 ஜூனில் சென்னையிலிருந்து பயணம் தொடங்கி, அடுத்த ஆண்டு ஹம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கையைச் சுற்றிய 'எம்ப்ரஸ்' கப்பல் 1990-இல் பிரான்ஸின் சான் நசேரில் கட்டியது. துறைமுகம் திரும்பும் விதிக்கு இருபது ஆண்டு மூத்தது. பழைய கப்பல் என்பதாலேயே அது ஆபத்தானது என்று ஆகிவிடாது. அதற்கும் ஆண்டுதோறும் சோதனையும் சான்றிதழும் உண்டு. ஆனால் 2010 ஜூலைக்கு முன் கட்டத் தொடங்கிய கப்பல்களை அந்த விதி கட்டுப்படுத்தாது என்பதைத் தெரிந்துகொண்டு ஏறுவது நல்லது. டிக்கெட் எடுக்கும்போது பால்கனி உண்டா, சாப்பாட்டில் சைவம் கிடைக்குமா என்று கேட்கிறோம். கப்பல் எந்த ஆண்டு கட்டியது, ஓர் இன்ஜின் அறை போனால் மற்றதை வைத்து ஓடுமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். கிளம்பும் நாளன்று அவசரகாலப் பயிற்சிக்கு அழைக்கும்போது கேபினில் படுத்துக்கொண்டிருக்காமல் போய்விட்டு வாருங்கள்.